‘8 பெல்’ என்றால் 8 மணியா?

வாசகர் கேள்வி – பதில்

தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் இருக்கும் பள்ளி மாணவ, மாணவியர் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ‘ஏ’ சான்றிதழ் தேர்வுக்குப் படிப்பவர்களும், லீடிங் கேடட் என்ற பதவிப் பட்டைக்குக் காத்திருப்பவர்களும்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கப்பல் மணிக் கணக்கு எவ்வளவு படித்தாலும் குழம்புகிறது. மாலை 6.30க்கு ஏன் 1 பெல்? மாலை 4.30க்கும் 1 பெல்தானே?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், தூத்துக்குடி

குழப்பம் தமிழிலிருந்தே தொடங்குகிறது. நமக்கு ‘8 மணி’ என்றால் கடிகார நேரம். கப்பலில் ‘8 பெல்’ என்றால் மணியை 8 முறை அடிப்பது. அது காலை 8க்கும் வரும், பகல் 12க்கும் வரும், மாலை 4க்கும் வரும். அதனால் படிக்கும்போது ‘மணி’ என்ற சொல்லை நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கு ‘பெல்’ என்றே சொல்லிப் பழகுங்கள்.

கடிகாரம் இல்லாத காலத்தில் அரை மணி நேரம் ஓடும் மணல் கடிகையை வைத்திருந்தார்கள். மணல் தீர்ந்ததும் கடிகையைத் திருப்பி வைத்து, மணியை அடிப்பார்கள். முதல் அரை மணிக்கு 1, அடுத்ததற்கு 2 என்று ஏறும். ஒரு குழு பணியில் நிற்கும் முறைக்கு வாட்ச் என்று பெயர். ஒரு வாட்ச் 4 மணி நேரம், அதாவது 8 அரை மணிகள். 8 பெல் அடித்தால் வாட்ச் முடிந்தது, ஆள் மாற வேண்டும்.

வாட்ச்கள் 7. இரவு 8 முதல் 12 வரை ஃபர்ஸ்ட் வாட்ச். 12 முதல் 4 மிடில். 4 முதல் 8 மார்னிங். காலை 8 முதல் 12 ஃபோர்நூன். 12 முதல் மாலை 4 ஆஃப்டர்நூன். மாலை 4 முதல் 6 ஃபர்ஸ்ட் டாக். 6 முதல் 8 லாஸ்ட் டாக்.

மாலை நேரத்தை மட்டும் இரண்டாக வெட்டியது ஏன்? நான்கு மணி நேரமாகவே பிரித்தால் 6 வாட்ச்தான் வரும். இரண்டு குழுக்கள் மாறி மாறி நின்றால் ஒரே குழுவுக்குத் தினமும் நடுராத்திரி வாட்ச் விழும். 7 என்ற ஒற்றைப்படை எண் வந்ததும் சுழற்சி தானாக மாறுகிறது. கூடவே, மாலை உணவை இரண்டு குழுவும் சாப்பிட இடைவெளி கிடைக்கிறது.

ஃபர்ஸ்ட் டாக்கில் 1, 2, 3, 4 என்று அடிப்பார்கள். மாலை 6க்கு 4 பெல். லாஸ்ட் டாக் புது வாட்ச் என்பதால் 6.30க்கு மறுபடி 1, பிறகு 7க்கு 2, 7.30க்கு 3. இரவு 8க்கு 4 அல்ல, 8 பெல். வாட்ச் வட்டம் அங்கே முழுமையாகிறது என்பதற்கான அடையாளம் அது. உங்கள் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. 4.30க்கும் 1, 6.30க்கும் 1. இரண்டும் வெவ்வேறு வாட்சின் முதல் அரை மணி.

தேர்வில் கணக்கு கொடுத்தால் மனப்பாடம் வேண்டாம். வாட்ச் எப்போது தொடங்கியது என்று பாருங்கள், கழிந்த மணி நேரத்தை இரண்டால் பெருக்குங்கள். காலை 10.30: ஃபோர்நூன் 8க்குத் தொடங்கியது, இரண்டரை மணி நேரம் கழிந்தது, 5 பெல். நள்ளிரவு தாண்டி 2.30க்கும் அதே 5 பெல்தான். இந்த விதிக்குப் பொருந்தாதது இரவு 8 மட்டுமே.

பெல்லை ஒவ்வொன்றாக அடிப்பதில்லை. இரண்டிரண்டாகச் சேர்த்து அடிப்பார்கள். 5 பெல் என்றால் இரண்டு, இரண்டு, ஒன்று. செய்து காட்டச் சொன்னால் இந்த இடைவெளியில்தான் மதிப்பெண் போகும்.

என் மகளின் சல்யூட்டில் உள்ளங்கை தரையைப் பார்த்து இருக்கிறது. பக்கத்துப் பள்ளி தரைப்படைப் பிரிவு மாணவர்களுக்கு உள்ளங்கை முழுவதும் தெரிகிறது. யார் செய்வது சரி?
– மாணவி ஒருவரின் தாய், கடலூர்

இருவருமே சரி. தரைப்படையில் உள்ளங்கை எதிரே இருப்பவருக்கு முழுவதும் தெரிய வேண்டும். கடற்படையில் தெரியக்கூடாது, கை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். விமானப்படை 2006 முதல் இரண்டுக்கும் நடுவே, 45 டிகிரி சாய்வில் வைத்துக்கொண்டது. பாய்மரக் கப்பலில் கயிற்றுக்குப் பூசும் தார் கையில் ஒட்டியே இருக்கும், அழுக்குக் கையை மேலதிகாரிக்குக் காட்டக்கூடாது என்பதால் உள்ளங்கையைத் திருப்பினார்கள் என்பது கடற்படையில் வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம்.

மகளிடம் பார்க்க வேண்டியவை: விரல்கள் ஒட்டியிருக்கின்றனவா, மணிக்கட்டு மடங்காமல் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக இருக்கிறதா, முழங்கை முன்னால் சரியாமல் தோளுக்கு நேராக நிற்கிறதா. பெரும்பாலானவர்களுக்கு மணிக்கட்டுதான் மடங்கும். உள்ளங்கையை மறைக்கிறேன் என்று மணிக்கட்டை வளைத்துவிடுகிறார்கள். திருப்ப வேண்டியது முன்கையை.

இன்னொன்று: தலையில் தொப்பி இல்லாதபோது கடற்படையில் சல்யூட் இல்லை. சாவ்தானில் (அட்டென்ஷன் நிலையில்) நிமிர்ந்து நின்றால் போதும், அதுவே மரியாதை.

எங்கள் அப்பா விசைப்படகு ஓட்டுகிறார். அவர் அணியம், அமரம் என்கிறார். வகுப்பில் பௌ, ஸ்டெர்ன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? போர்ட், ஸ்டார்போர்டுக்கும் வழி சொல்லுங்கள்.
– எட்டாம் வகுப்பு மாணவர், நாகப்பட்டினம்

ஒன்றேதான். படகின் முன்பகுதி அணியம், அதாவது பௌ. பின்பகுதி அமரம், அதாவது ஸ்டெர்ன். உங்கள் அப்பா ஆழத்தைப் ‘பாகம்’ என்று சொல்வார், கேட்டுப் பாருங்கள். இரு கையையும் விரித்தால் வரும் நீளம் அது. கடற்படையின் ஃபேதமும் விரித்த கை அளவிலிருந்து வந்ததுதான்: 6 அடி, 1.83 மீட்டர். வீட்டில் பாதிப் பாடம் ஏற்கெனவே இருக்கிறது. பாடப்புத்தகச் சொல்லை அதன் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டாலே போதும்.

போர்ட் என்பது அமரத்திலிருந்து அணியத்தைப் பார்த்து நிற்கும்போது இடப்பக்கம், ஸ்டார்போர்ட் வலப்பக்கம். முன்பு கப்பலின் வலப்பக்கத்தில் பெரிய துடுப்பைக் கட்டி அதையே சுக்கானாகப் பயன்படுத்தினார்கள். ஸ்டியரிங் செய்யும் பக்கம் என்பதால் ஸ்டார்போர்ட். அந்தத் துடுப்பு கரையில் இடித்துவிடும் என்பதால் துறைமுகத்தில் இடப்பக்கத்தையே கரைக்கு அணைத்தார்கள். இடப்பக்கத்துக்கு முன்பு லார்போர்ட் என்று பெயர். காற்றிரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டதால் பிரிட்டிஷ் கடற்படை 1844இல் அதைப் போர்ட் என மாற்றியது.

நினைவில் வைக்க வேண்டியது: நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கப்பலின் போர்ட் மாறாது. துடுப்பு வலிக்கும்போது அமரத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது போர்ட் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். செய்முறைத் தேர்வில் நன்றாகப் படித்தவர்கள்கூடத் தடுமாறுவது இங்கேதான்.

இரவில் போர்ட் பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்டில் பச்சை. ஒவ்வொன்றும் நேர் முன்னாலிருந்து 112.5 டிகிரி வரை தெரியும். பின்விளக்கு வெள்ளை, 135 டிகிரி. மூன்றையும் கூட்டினால் 360 வரும். எதிரே வரும் கப்பலின் சிவப்பு, பச்சை இரண்டும் ஒருசேரத் தெரிந்தால் அது நேராக உங்களை நோக்கி வருகிறது என்று பொருள்.

ரீஃப் நாட் போட்டால் சில நேரம் நிற்கிறது, சில நேரம் வழுக்குகிறது. போலைன் வரவே இல்லை. எந்த முடிச்சை எங்கே போடுவது?
– திருநெல்வேலி, ராமநாதபுரம், சென்னை மாணவர்கள் மூவர்

சில நேரம் வழுக்குகிறது என்றால் அந்த நேரங்களில் நீங்கள் போட்டது ரீஃப் நாட்டே இல்லை, கிரானி. இடதை வலதின் மேல் போட்டுச் சுற்றிய பிறகு, வலதை இடதின் மேல் போட வேண்டும். இரண்டு முறையும் இடதையே மேலே போட்டால் கிரானி. பார்த்த உடனே கண்டுபிடிக்கலாம். சரியான ரீஃப் நாட் தட்டையாகப் படுத்திருக்கும், நுனிகள் தத்தம் கயிற்றோடு ஒட்டிப் பக்கவாட்டில் போகும். கிரானியில் நுனிகள் குறுக்கே, மேலும் கீழுமாக நீட்டிக்கொண்டிருக்கும்.

சரியாகப் போட்டாலும் ரீஃப் நாட்டுக்கு எல்லை உண்டு. கப்பல் பாயைச் சுருட்டிக் கட்டவும், பொட்டலம் கட்டவும், காயத்துக்குக் கட்டுப் போடவும் ஏற்றது. இரண்டு கயிற்றை இணைத்து பாரம் இழுக்க அதை நம்பக்கூடாது. தடிமன் மாறினால் கண்டிப்பாக வழுக்கும். அங்கே ஷீட் பெண்ட் போடுங்கள். தடித்த கயிற்றை மடித்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய கயிற்றை மடிப்புக்குள் கீழிருந்து விட்டு, மடிப்பின் பின்னால் சுற்றி, தன் கயிற்றுக்கே அடியில் செருக வேண்டும். மெல்லியதை மடித்துத் தடித்ததைச் சுற்றினால் பிடிக்காது. இரு கயிறுகளின் தடிமனில் வித்தியாசம் அதிகமானால் இன்னொரு சுற்றுச் சேருங்கள். அது டபுள் ஷீட் பெண்ட்.

போலைன் கொஞ்சம் பொறுமை கேட்கும். 10 மில்லிமீட்டர் கயிறு 2 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கயிறு வேண்டாம், பழகும்போது பருத்திக் கயிறே கைக்கு அடங்கும்.

இடக்கையில் நீளக் கயிற்றைப் பிடியுங்கள். அதில் ஒரு சின்னக் கண்ணி போடுங்கள். நுனிப் பக்கம் போகும் கயிறு மேலே இருக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நுனியைக் கீழிருந்து கண்ணிக்குள் விட்டு மேலே எடுங்கள். நீளக் கயிற்றின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். வந்த வழியே கண்ணிக்குள் மேலிருந்து கீழே இறக்குங்கள். இப்போது இறங்கிய நுனியையும் அதன் பக்கத்து இழையையும் சேர்த்து ஒரு கையில் பிடித்து, நீளக் கயிற்றை மறு கையால் இழுத்து இறுக்குங்கள்.

இழுத்ததும் எல்லாம் அவிழ்ந்து நேர்க்கயிறாகிவிட்டால், கண்ணியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள், நுனிப் பக்கம் அடியில் போயிருக்கிறது. நுனி அரை விரல் அளவே மிஞ்சியிருந்தாலும் ஆபத்துதான். பளு ஏறி இறங்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். கயிற்றின் விட்டத்தைப்போல் 10 மடங்காவது மிச்சம் விடுங்கள். 10 மில்லிமீட்டர் கயிற்றுக்கு 10 சென்டிமீட்டர்.

போலைனின் பெருமை என்னவென்றால், அந்த வளையம் இறுகாது. கடலில் விழுந்தவரின் அக்குளுக்கடியில் போட்டு இழுத்தாலும் மார்பை நெரிக்காது. எவ்வளவு பாரம் தாங்கிய பிறகும் பின்பக்க வளைவைக் கட்டைவிரலால் முன்னே தள்ளினால் அவிழும். கண்ணை மூடிக்கொண்டு 10 விநாடியில் போட வரும்வரை பழகுங்கள். இருட்டிலும் ஈரக் கையோடும் போட வேண்டிய முடிச்சு இது.

க்ளோவ் ஹிட்ச் கம்பத்தில் சட்டென்று கட்ட நல்லது. ஆனால் அலையில் ஆடும் படகை அதை மட்டும் நம்பிக் கட்டாதீர்கள். இழுப்பு பக்கவாட்டில் மாற மாற அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து தளரும். படகுக்கு ரவுண்ட் டர்ன் அண்ட் டூ ஹாஃப் ஹிட்சஸ். முதலில் போடும் முழுச் சுற்று பாரத்தைத் தாங்கிக்கொள்வதால், மீதி முடிச்சை நிதானமாகப் போடலாம்.

நாட் என்பது முடிச்சா, வேகமா?
– ஏழாம் வகுப்பு மாணவி, சென்னை

இரண்டுமே. கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் மரப்பலகை கட்டிக் கடலில் விட்டு, 28 விநாடி மணல் கடிகை ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டுப் போனது என்று எண்ணினார்கள். 5 முடிச்சு போனால் மணிக்கு 5 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். நாட் என்ற சொல்லிலேயே ‘மணிக்கு’ அடங்கியிருக்கிறது. அதனால் ‘மணிக்கு 20 நாட்’ என்று எழுதினால் தவறு, ‘20 நாட்’ போதும்.

கேப்டன் பெரியவரா, லெஃப்டினென்ட் பெரியவரா? படைக்குப் படை மாறுகிறதே.
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், காரைக்கால்

பெயரைப் பார்க்காமல் எத்தனையாவது படி என்று பாருங்கள். கடற்படை கேப்டன் தரைப்படையின் கர்னலுக்குச் சமம். தரைப்படை கேப்டன் கடற்படையின் லெஃப்டினென்டுக்குச் சமம். தரைப்படை லெஃப்டினென்ட், நம் சப்-லெஃப்டினென்ட். நடுவில் லெஃப்டினென்ட் கமாண்டர் மேஜருக்கும், கமாண்டர் லெஃப்டினென்ட் கர்னலுக்கும் சமம். இத்துடன் ஒன்று: சிறிய கப்பலை லெஃப்டினென்ட் கமாண்டர் நடத்தினாலும், அந்தக் கப்பலில் அவரைக் ‘கேப்டன்’ என்றே குறிப்பிடுவார்கள். அங்கே அது பதவியின் பெயர், தரத்தின் பெயர் அல்ல.

வேலர் படகில் துடுப்பு வலிக்கும்போது என் துடுப்பு மட்டும் தண்ணீரில் மாட்டிக்கொண்டு நெஞ்சில் இடிக்கிறது. பலம் போதவில்லையா?
– பத்தாம் வகுப்பு மாணவர், ராமேஸ்வரம்

பலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதற்கு ‘நண்டு பிடிப்பது’ என்றே கடற்படையில் பெயர். துடுப்பின் அலகு தண்ணீருக்குள் செங்குத்தாக இறங்காமல் சாய்ந்து இறங்கினால், நீர் அதை மேலும் கீழே இழுக்கும். படகு முன்னே ஓடுகிறது, அலகு அங்கேயே நிற்கிறது, கைப்பிடி உங்கள் மார்புக்கு வருகிறது.

தடுக்க மூன்று விஷயம். அலகு நீரில் மூழ்கினால் போதும், அதற்கு மேல் ஆழம் வேண்டாம். கண் உங்கள் துடுப்பில் இருக்கக்கூடாது, அமரத்துக்கு அருகில் உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரோக் துடுப்பாளியின் முதுகில் இருக்கட்டும், அவர் குனியும்போது குனியுங்கள். இழுப்பது கையால் அல்ல. காலைக் கட்டையில் ஊன்றி, முதுகை நேராக வைத்து, கால் தள்ள உடல் சாய வேண்டும். கை கடைசியில்தான் மடங்கும்.

மாட்டிக்கொண்டால் மல்லுக்கட்டாதீர்கள். பின்னால் சாய்ந்து துடுப்பைத் தலைக்கு மேல் போக விடுங்கள். படகை நடத்தும் காக்ஸ்வைன் ‘ஓர்ஸ்’ என்பார், எல்லோரும் துடுப்பைக் கிடைமட்டமாக நீருக்கு மேல் நிறுத்துவார்கள், பிறகு ‘கிவ் வே டுகெதர்’ என்றதும் சேர்ந்து வலிக்கத் தொடங்குவார்கள். ‘ஹோல்ட் வாட்டர்’ என்றால் அலகை நீரில் பிடித்து நிறுத்துவது. ‘வே இனஃப்’ என்றால் இன்னும் ஒரு வலிப்பு வலித்துவிட்டுத் துடுப்பை உள்ளே எடுப்பது. அந்த ஒரு வலிப்பை விட்டுவிட்டால் எல்லோருடைய ஒழுங்கும் கெடும்.

படகு துறையை அணையும்போது விரல்களை விளிம்புக்கு மேல் வைக்கவே கூடாது. படகுக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டினால் விரல் நசுங்கிவிடும்.

படகில் ஏறும் முறையையும் கேட்பார்கள். இளையவர் முதலில் ஏறுவார், மூத்தவர் கடைசியில் ஏறி முதலில் இறங்குவார். மூத்தவர் ஆடும் படகில் மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக வந்த மரபு.

செமஃபோர் (இரு கொடிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) நன்றாகத் தெரியும். ஆனால் எதிரே நின்று படிப்பவர் தப்பாகவே சொல்கிறார்.
– எட்டாம் வகுப்பு மாணவி, கன்னியாகுமரி

இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய பிழை இது. ஏ முதல் ஜி வரை ஒரு கை மட்டும் நகரும். ஏ, பி, சி உங்கள் வலக்கை: கீழ்ச்சாய்வு, தோள் மட்டம், மேல்சாய்வு. டி நேர் மேலே. இ, எஃப், ஜி இடக்கை: மேல்சாய்வு, தோள் மட்டம், கீழ்ச்சாய்வு. எதிரே நிற்பவருக்கு இது கடிகார முள் சுற்றுவதுபோல் தெரியும்: ஏ ஏழரை மணி, பி 9 மணி, டி 12, எஃப் 3. படிப்பவர் இந்தக் கடிகாரத்தை மனத்தில் வைத்திருந்தால் இடவலம் மாறாது.

அனுப்புபவர் பக்கம் நடக்கும் தவறு, ஏயும் பியும் ஒன்றுபோல் ஆவது. கை 45 டிகிரியில் நிற்காமல் 60, 70 வரை ஏறிவிடுகிறது. சுவரில் முதுகை ஒட்டி நின்று, 8 திசைக்கும் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு பழகுங்கள். கொடிக் கம்பும் முன்கையும் ஒரே கோடு. கம்பின் முனையில் ஆள்காட்டி விரலை நீட்டிப் பிடித்தால் கோடு தானாக வரும்.

இரண்டாம் சுற்று ‘எச்’ முதல் ‘என்’ வரை, அதில் ஜே கிடையாது. ஜே தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. எண்களை அனுப்பிவிட்டு மறுபடி எழுத்துக்குத் திரும்பும்போது அதுவே அறிவிப்பு. அதனால்தான் ஏ 1, பி 2 என்று தொடங்கும் எண் வரிசையில் ஐ 9 ஆகவும், ஜேயைத் தாண்டி கே 0 ஆகவும் வருகின்றன.

நங்கூரம் கனமாக இருந்தால் போதாதா? இவ்வளவு சங்கிலி ஏன்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், புதுச்சேரி

நங்கூரத்தின் அலகு தரையில் கிடையாக இழுக்கப்படும்போதுதான் மண்ணைக் கவ்வும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும். சங்கிலியின் ஒரு பகுதி கடலடியில் படுத்துக்கிடந்தால்தான் இழுப்பு கிடையாக இருக்கும். கப்பல் ஆடும்போது அந்தக் கனமான வளைவு ஸ்பிரிங் போலவும் உதவும். சங்கிலியை ஷாக்கிளில் எண்ணுவார்கள், ஒரு ஷாக்கிள் 15 ஃபேதம், ஏறக்குறைய 27.5 மீட்டர். எஃகுச் சங்கிலிக்குப் பழக்கத்தில் இருக்கும் கணக்கு: ஆழத்தின் வர்க்கமூலத்தை ஒன்றரையால் பெருக்குவது. 16 மீட்டர் ஆழத்துக்கு 4 × 1.5 = 6 ஷாக்கிள். காற்று வலுத்தால் இன்னும் விடுவார்கள்.

லீடிங் கேடட் ஆக என்ன பார்ப்பார்கள்? என் சீருடை வெள்ளையாகவே நிற்பதில்லை.
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, விழுப்புரம்

பரேடு வருகை முதலில். ‘ஏ’ சான்றிதழுக்கு 75 சதவீதம் வேண்டும். பதவிக்கு அதைவிட மேலே இருப்பவரைத்தான் கவனிப்பார்கள். அடுத்தது சொல்லித்தரும் திறன். புதிதாகச் சேர்ந்த மூன்று பேரை நிறுத்தி ஒரு முடிச்சைச் சொல்லிக்கொடுங்கள். முதலில் மெதுவாகச் செய்து காட்டுங்கள், பிறகு சொல்லிக்கொண்டே செய்யுங்கள், கடைசியில் அவர்களைச் செய்ய விடுங்கள். மூன்றாவதற்குத்தான் நேரம் அதிகம் தர வேண்டும். ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்று குரல் கொடுக்கும்போது முதல் பாதியை இழுத்து, சற்று நிறுத்தி, கடைசி அசையை வெட்டிச் சொல்லுங்கள். இழுக்கும் நேரம்தான் அணி தயாராகும் நேரம். அதை விழுங்கிவிட்டால் ஆளுக்கொரு விதமாகத் திரும்புவார்கள், தவறு அணியுடையதல்ல.

சீருடை பழுப்பாவதற்குப் பாதிக் காரணம் பெல்ட்டின் பித்தளை. பெல்ட்டை மாட்டிக்கொண்டே பாலிஷ் போட்டால் பச்சைக் கறை வெள்ளைத் துணியில் இறங்கும், பிறகு போகாது. பக்கிளைக் கழற்றி, தனியே பளபளப்பாக்கி, மிச்ச பாலிஷை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்த பிறகே மாட்டுங்கள். வெள்ளையை மற்ற துணியோடு ஊற வைக்க வேண்டாம். கழுத்துப்பட்டியையும் அக்குளையும் அன்றைக்கே சோப்புப் போட்டுக் கசக்கிவிட வேண்டும், வியர்வை ஒரு ராத்திரி நின்றாலே மஞ்சள் ஏறும். நீலம் போடுவதாயிருந்தால் ஒரு வாளித் தண்ணீருக்குச் சில துளிதான். துணியை நனைத்த பின் நீலத்தை அதன் மேல் ஊற்றாதீர்கள், திட்டுத்திட்டாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தண்ணீரில் கலக்கி, பிறகு துணியை விரித்து முக்கி எடுங்கள்.